'எந்திரன்' விட்டுச்சென்ற வினாவும் '2.0' தந்த விடையும்

முன்னுரை

தமிழ்த் திரைப்படத்தில் அறிவியல் புனைவு அருகியே காணப்படும் ஒரு வகையாகும். அவ்வகையில் பெருந்திரளான மக்களைச் சென்றடைந்த படம் இயக்குநர் சங்கரின் 'எந்திரன்'. 2010ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அப்படம் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாகிய '2.0' 2018ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் வெளியிடப்பட்டது. இயக்குநர் சங்கர், நாயகர் ரஜினிகாந்த், இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் ஆகிய மூவரும் இரு படங்களுக்கும் பொதுவானவர்கள். இரண்டாம் படத்தின் பொருட்செலவோ முதற்படத்தினும் பன்மடங்கு மிகுதி. எனினும் முதற்படம் பெற்ற இடத்தை இரண்டாம் படம் பார்வையாளர் நினைவில் பெறவில்லை. படம் வெளிவந்த நாள்களில் முப்பரிமாணக் காட்சிகளும் வரைகலை நுட்பமும் பாராட்டப்பட்டன; கதை மெலிந்தது என்று பலரும் குறைபட்டனர். அக்குறை யாது, அது எங்கிருந்து தோன்றியது என்பது விரிவாக ஆராயப்படவில்லை.

இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது. திரைப்படத்தைப் பற்றி ஒரு தமிழாய்வு இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலேசியத் தமிழ் மாணவர் பாடநூலுக்கு வெளியே தமிழை மிகுதியாகக் கேட்பது திரைப்படத்தின் வழியே என்பதை ஆசிரியர் அறிவர். அறிவியல், சட்டம், அறம் ஆகியவற்றைத் தமிழில் சிந்திக்க அவர்களுக்குக் கிடைக்கும் கதைகள் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று பொருளிழந்து போவது திரையரங்கோடு முடிந்துவிடும் இழப்பன்று.

கேட்டுலகப் புனைவும் அதன் தொடர்ச்சியும்

மனிதர் தம் அறிவினாலும் ஆட்சியினாலும் தமக்கே கேடு சூழும் உலகைக் கற்பனை செய்யும் புனைவை மேலைத் திறனாய்வாளர் 'டிஸ்டோப்பியா' என்பர். அது இக்கட்டுரையில் 'கேட்டுலகப் புனைவு' எனச் சுட்டப்பெறுகிறது. இவ்வகைப் புனைவின் உயிர்நிலை அது எழுப்பும் வினாவில் உள்ளது. கேட்டின் அளவும் அழிவின் காட்சியும் அவ்வினாவுக்குத் துணைசெய்வன. ஆகவே கேட்டுலகப் புனைவுக்குத் தொடர்ச்சி எழுதுவோர் முன்னுள்ள பணி, முதற்படைப்பு விடையின்றி விட்ட வினாவை ஒருபடி முன்னெடுத்துச் செல்வதாகும். பகையைப் பெரிதாக்குவதும் படையைப் பெருக்குவதும் அப்பணிக்கு ஈடாகா.

ஆங்கிலப் படங்களில் இதற்கு இருவகைச் சான்றுகளும் உள்ளன. 1984இல் வெளிவந்த 'டெர்மினேட்டர்' படத்தில் கொலைக்கருவியாக வந்த எந்திரம், 1991இல் வந்த இரண்டாம் படத்தில் ஒரு சிறுவனின் காவலனாக மாற்றப்பட்டது. அழிப்பதற்கென ஆக்கப்பட்ட பொருள் காக்கக் கற்றுக்கொள்ளுமா என்னும் வினா அதனால் பிறந்தது. மாறாக, 1999இல் வெளிவந்த 'மேட்ரிக்ஸ்' எது மெய், எது பொய் என்ற ஐயத்தில் நின்றது. 2003இல் அடுத்தடுத்து வந்த அதன் இரு தொடர்ச்சிகளிலும் அவ்வையம் போர்க்களக் காட்சிகளுக்குள் மங்கிப் போயிற்று.

தமிழில் இதற்கான முன்மாதிரியைத் தந்தவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' தமிழ்க் கேட்டுலகப் புனைவின் முதன்மையான படைப்புகளுள் ஒன்று. ஜீவா என்னும் தலைவனின் ஆட்சியில் மக்களின் பெயர்களும் அரசின் விதிக்கு உட்பட்டவை. பிள்ளை பெறுவதற்கும் இசைவு வேண்டும். நிலா என்னும் எளிய பெண்ணும் ஜீனோ என்னும் எந்திர நாயும் அவ்வாட்சியின் பொய்மையைக் கண்டறிகின்றனர். அதன் தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ', சர்வாதிகாரியை வீழ்த்தியவர்களே புதிய சர்வாதிகாரிகளாகும் நிலையையும் நிலா பொம்மையரசியாக அமர்த்தப்படுவதையும் காட்டியது. விடுதலைக்குப் பின் யாது என்பதே முதல் நாவல் விட்டுச்சென்ற வினா. இரண்டாம் நாவல் அதனையே எடுத்துக்கொண்டது. 2008 பிப்ரவரியில் மறைந்த சுஜாதாவுக்கு 'எந்திரன்' உரையாடலிலும் பங்குண்டு. ஆதலின் '2.0' படத்தை அளக்க வேண்டிய கோல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட வேண்டியதில்லை; அதன் பிறந்தகத்திலேயே அது உள்ளது.

'எந்திரன்' எழுப்பிய வினா

'எந்திரன்' வணிகப் படமே. பாடலும் காதலும் சண்டையும் அதில் குறைவின்றி உண்டு. ஆயினும் அதன் கதைப்பின்னல் ஒரு வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது. இந்தியப் படைக்குப் பயன்பட வேண்டும் என்னும் நோக்கில் அறிவியலார் வசீகரன் சிட்டி என்னும் எந்திர மனிதனை உருவாக்குகிறார். தீ விபத்தில் சிக்கிய ஒரு பெண்ணைச் சிட்டி குளியலறையிலிருந்து ஆடையின்றித் தூக்கிவருகிறது. கூட்டத்தின் முன்னும் தொலைக்காட்சிக் கருவிகளின் முன்னும் நாணிய அப்பெண் ஓடிச்சென்று வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காத்தல் என்னும் கட்டளை நிறைவேறியது, உயிர் போயிற்று. கட்டளைக்கும் அறத்துக்கும் இடையே உள்ள தொலைவை ஒரே நிகழ்ச்சியில் காட்டிய இவ்விடம் படத்தின் உச்சங்களுள் ஒன்று எனலாம்.

அதன்பின் வசீகரன் சிட்டிக்கு உணர்வைக் கற்பிக்கிறார். உணர்வு வந்தவுடன் காதல் வருகிறது. காதல் வந்தவுடன் கீழ்ப்படிதல் குலைகிறது. படையதிகாரிகளின் முன் நடைபெறும் ஆய்வில் சிட்டி போரைப் பழித்து அன்பைப் பேசுகிறது. சினங்கொண்ட வசீகரன் தம் படைப்பைத் தாமே வெட்டிக் குப்பையில் எறிகிறார். அதனை மீட்டெடுத்துச் சிவப்புச் சில்லினைப் பொருத்தி அழிவுக்கருவியாக மாற்றுபவர் போரா. ஆக, சிட்டியின் கேட்டில் இருவர்க்கும் பங்குண்டு: பேராசையால் கெடுத்தவர் ஒருவர், பொறுமையின்மையால் கைவிட்டவர் மற்றவர்.

இறுதியில் வழக்கு மன்றம் ஏறுகிறது. சிட்டி தன் நினைவகத்திலுள்ள பதிவைச் சான்றாகக் காட்ட, வசீகரன் விடுவிக்கப்படுகிறார்; சிட்டி கழற்றப்பட வேண்டும் எனத் தீர்ப்பாகிறது. சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றிவைக்கிறது. 2030ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தில் அதனைக் காணவரும் பள்ளிச் சிறுமி, அது கழற்றப்பட்ட காரணத்தை வினவுகிறாள். தான் சிந்திக்கத் தொடங்கியமையே காரணம் என்று அது விடை கூறுகிறது. உழைப்பதற்கென ஆக்கப்பட்ட ஒன்று சிந்திக்கத் தலைப்பட்டால் அதனை என் செய்வது? அதன் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? இவ்வினாக்களோடு திரை மூடப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதி முதல் மனிதரைப் போல் எழுதியும் பேசியும் விடைதரும் கணினிச் செயலிகள் பரவலாகிவிட்ட இக்காலத்தில், அவ்வினாக்கள் முன்னினும் அண்மையில் வந்து நிற்கின்றன.

பெயரும் திணையும்

தமிழாசிரியர் இங்கு நோக்கத்தக்க இலக்கணச் செய்தி ஒன்றுண்டு. 'எந்திரம்' அஃறிணைச் சொல்; 'எந்திரன்' அன் விகுதி பெற்று உயர்திணை ஆண்பாலைச் சுட்டுவது. பொருளொன்று உயர்திணையின் எல்லைக்குள் அடியெடுத்து வைக்கிறது என்னும் கதைக்கரு அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் திணைப் பாகுபாட்டோடு தொடங்குகிறது. மக்கள் எனக் கருதப்படுவோர் உயர்திணை என்பது அதன் அடிப்படை. உடலமைப்பினும் கருத்தே அங்கு முதன்மை பெறுகிறது. ஓர் எந்திரத்தை மக்களுள் ஒன்றாகக் கருதலாமா என்பது தமிழிலக்கணத்தின் வாயிலாகவே எழுப்பத்தக்க வினா. தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்குத் தமிழக அரசு 2006இல் கேளிக்கை வரிவிலக்கு அளித்த காலத்தில் உருவான பெயர் அது. வரிச் சலுகையின் காலத்துப் பெயராயினும் கதைக்கு இத்துணைப் பொருத்தமாக அமைந்தது நற்பேறே.

தொடர்ச்சியின் பெயர் '2.0'. அதற்குத் திணையுமில்லை, பாலுமில்லை, வெறும் எண். மேலும் முதற்படத்தில் அவ்வெண் சிவப்புச் சில்லு பொருத்தப்பட்ட தீய சிட்டியைக் குறித்தது. அத்தீமையின் பெயரே தொடர்ச்சிக்கு வெற்றிப் பட்டமாகச் சூட்டப்பட்டது. இது பெயரளவில் நின்றுவிட்ட மாற்றமன்று. படத்தின் போக்கே அவ்வாறு மாறியது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

தீர்ப்பு செல்லாமற்போதல்

'2.0' படத்தின் தொடக்கம் வலுவானது. கைத்தொலைபேசிக் கோபுரமொன்றில் முதியவர் ஒருவர் தூக்கிட்டு உயிர்விடுகிறார். அதன்பின் சென்னை மக்களின் கைகளிலிருந்து தொலைபேசிகள் ஒவ்வொன்றாகப் பறந்து மறைகின்றன. மொத்த வணிகர், தொலைத்தொடர்பு நிறுவன உரிமையாளர், துறை அமைச்சர் எனத் தொடர்புடையோர் அத்தொலைபேசிகளாலேயே கொல்லப்படுகின்றனர். எண்ணற்ற கைத்தொலைபேசிகள் சாலையில் ஊர்ந்து வருவதும் பேருருவப் பறவையாகத் திரள்வதும் தமிழ்த் திரை அதுவரை காணாத காட்சிகள். அவற்றின் தொழில்திறனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

நகரம் முழுதும் தொலைபேசியின்றி நிற்கும் அந்நிலையே உண்மையான கேட்டுலகின் வாயில். கைக்கருவி இல்லாத மனிதர் எவ்வாறு பேசுவர், எவ்வாறு பணி செய்வர், எதனை இழந்ததாக உணர்வர், எதனைத் திரும்பப் பெற்றதாக உணர்வர் என்பன அங்கு எழுந்திருக்க வேண்டிய வினாக்கள். படம் அவ்வாயிலில் சிறிது நேரமே நிற்கிறது. மக்கள் அலறியோடும் கூட்டமாகக் குறைக்கப்படுகின்றனர்; அமைச்சர் அறையில் கலந்தாய்வு நடக்கிறது; சிட்டியை மீண்டும் இயக்க வேண்டும் என்று வசீகரன் கேட்கிறார்.

முதற்படத்தின் இறுதியில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. அத்தீர்ப்பின் கனத்தினாலேயே சிட்டியின் பிரிவு பார்வையாளரை உருக்கியது. தொடர்ச்சியில் அத்தீர்ப்பை மாற்றுவது பெரிய நிகழ்வாக அமைந்திருக்க வேண்டும்: யார் வாதிடுவர், யார் மறுப்பர், சிட்டியின் விருப்பம் என்ன என்னும் கேள்விகள் எழுந்திருக்க வேண்டும். படத்திலோ, போராவின் மகன் தெரிவிக்கும் மறுப்பும் அமைச்சரின் தயக்கமும் தீர்ந்தவுடன் சிட்டி எழுப்பப்படுகிறது. தன்னைத் தானே கழற்றிக்கொண்ட அது மீண்டும் கண்விழிக்கையில் வியப்போ கசப்போ காட்டுவதில்லை. முதற்படத்தில் ஈன்றெடுத்தவரோடு முரண்பட்ட உயிர் இங்கு ஏவலைச் செய்யும் கருவியாகிவிட்டது. சிந்தித்தமைக்காகக் கழற்றப்பட்டது, சிந்திக்காமல் இருப்பதற்காக மீட்கப்பட்டது.

பின்னர், பறவையுருவாளரின் ஆவி வசீகரனின் உடலுக்குள் புகுந்துகொள்ள, சிதைந்துபோன சிட்டிக்குச் சிவப்புச் சில்லு மீண்டும் பொருத்தப்படுகிறது. ஒரு நகரையே நடுங்கவைத்த அச்சில்லினைப் பொருத்துவது யாருடைய முடிவு, அம்முடிவுக்குப் பொறுப்பு யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. முதற்படத்தில் பெருங்குற்றமாக நின்றது இரண்டாம் படத்தில் கைதட்டலுக்குரிய திருப்பமாகிறது. பார்வையாளர் தீய சிட்டியின் நடையையும் ஏளனத்தையும் விரும்பினர் என்பது உண்மை; அவ்விருப்பத்துக்கு இயக்குநர் பணிந்தார் எனலாம். பணிந்த இடத்தில் முதற்படத்தின் வினா கைவிடப்பட்டது.

புறாவும் பருந்தும்

தூக்கிட்டு இறந்த முதியவர் பக்சிராஜன் என்னும் பறவையியல் பேராசிரியர். நடிகர் அக்சய் குமார் ஏற்ற இப்பாத்திரம் இந்தியப் பறவையியலின் மூலவர்களுள் ஒருவராகிய சலீம் அலியை (1896–1987) நினைவூட்டுவது. கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என நம்பும் அவர், அரசு, நிறுவனங்கள், பொதுமக்கள் என எல்லாரிடமும் முறையிட்டுத் தோற்று உயிர்விடுகிறார். அவருடைய முன்கதையே படத்தில் மனத்தைத் தொடும் பகுதி.

கதிர்வீச்சு பற்றிய கூற்றின் அறிவியல் வலிமை ஐயத்துக்குரியது. 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும் நாடளவில் அதன் நிலை பெரும்பாலும் மாறாதிருப்பதைக் காட்டியது. கைத்தொலைபேசிக் கோபுரங்களே காரணம் என்பதற்குத் தக்க சான்று இல்லை. படம் வெளிவருமுன், இந்தியக் கைத்தொலைபேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம், அது அறிவியலுக்கு மாறான கருத்துகளைப் பரப்புவதாகத் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டதும் நினைவுகொள்ளத்தக்கது. ஆயினும் புனைவுக்கு இத்தகைய உரிமை உண்டு. நம் வசதிக்காகப் பிற உயிர்கள் விலை கொடுக்கின்றன என்னும் மையக் கருத்து, கதிர்வீச்சுக் கூற்று பொய்ப்பினும் பொய்க்காது. ஆகவே இக்கட்டுரை படத்தின் குறையை அங்குத் தேடவில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. நியாயமான முறையீட்டை எழுப்பியவரைப் படம் கொலைகார ஆவியாக்கிவிடுகிறது. அறிவியல் புனைவாகத் தொடங்கியது, பழிவாங்கும் பேய்க்கதையாக மாறுகிறது; உடலிலிருந்து பிரியும் ஆற்றல், எதிர்மறைத் துகள்கள் போன்ற சொற்கள் அம்மாற்றத்துக்கு அறிவியல் போர்வை போர்த்துகின்றன. ஆவியை வென்றுவிட்டால் முறையீடும் தீர்ந்துபோகிறது. அவர் கூறியதில் நியாயம் உண்டு என இறுதியில் வசீகரன் ஓரிரு தொடர்களில் ஒப்புக்கொள்வதோடு பறவைகளின் வழக்கு முடிந்துவிடுகிறது. முதற்படத்தில் எந்திரத்துக்குக் கிடைத்த நீதிமன்றம் இரண்டாம் படத்தில் பறவைகளுக்குக் கிடைக்கவில்லை.

உச்சக்காட்சி இதனினும் ஆழ்ந்த முரணைக் கொண்டது. விளையாட்டரங்கில் திரண்ட மக்களைப் பக்சிராஜன் அழிக்க முனைகையில், சிட்டியின் நுண்ணுருவங்கள் புறாக்களின்மீது ஏறி வருகின்றன. வசீகரனின் உடலைவிட்டு நீங்காவிடில் புறாக்களோடு தாமும் அழிவதாக அவை அச்சுறுத்துகின்றன. புறாக்கள் மடிவதைக் காணப் பொறாத பக்சிராஜன் அவ்வுடலை விட்டு வெளியேறுகிறார், அதனால் தோற்கிறார்.

தமிழ் மரபில் பயின்றோர் இக்காட்சியைக் காணுங்கால் சிபியை நினையாதிரார். பருந்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன்னையே நிறுவையில் ஏற்றிய மன்னன் அவன். புறநானூற்றுப் பாடல்கள் சில, சோழரை அவன் வழித்தோன்றல்களாகப் போற்றுகின்றன. கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரின் பெருமை கூறுகையிலும் அச்செய்தி இடம்பெறுகிறது. இம்மரபில் வைத்து நோக்கின், '2.0' படத்தின் உச்சக்காட்சியில் சிபியின் இடத்தில் நிற்பவர் பக்சிராஜன். பருந்தின் இடத்தில் நிற்பது சிட்டி. புறாவின் உயிரைப் பணயம் வைத்து வென்றவனுக்குப் படம் கைதட்டச் சொல்கிறது. புறாவுக்காகத் தன் வெற்றியை விட்டுக்கொடுத்தவரைப் பகைவர் என்கிறது. இத்தலைகீழாக்கம் திட்டமிட்ட எள்ளலாக அமைந்திருப்பின் அது பெரும்படைப்பாகியிருக்கும். கேட்டுலகப் புனைவின் கொடுமுடியை எட்டியிருக்கும். படத்திலோ அம்முரணை உணர்ந்ததற்கான குறிப்பு எங்கும் இல்லை. புறாக்கள் அழகாகப் பறக்கின்றன. நுண்ணுருவங்கள் நகைச்சுவை பேசுகின்றன. பறவைகளுக்காகப் பரிந்து பேசப் புறப்பட்ட படம் பறவைகளையே கருவியாக்கி முடிந்தது.

இரு நிலாக்கள்

பாத்திரப் படைப்பிலும் இவ்விறக்கம் தெளிவாகத் தெரிகிறது. முதற்படத்தின் சனா, சிட்டியின் காதலை மறுக்கும் உரிமையுடையவள். எந்திரத்துக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை அவள் வாயிலாகவே படம் பேசியது. இரண்டாம் படத்தில் சனா தொலைபேசியில் கேட்கும் குரல் மட்டுமே. அவளிடத்தை நிரப்ப வந்தவள் நிலா என்னும் பெண்ணுருவ எந்திரம். எமி ஜாக்சன் ஏற்ற அப்பாத்திரத்தின் பெயர், இனிய அறிவுள்ள அழகிய உதவியாளர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டாக விளக்கப்படுகிறது.

'என் இனிய இயந்திரா' படித்தோர்க்கு அப்பெயர் புதிதன்று. சுஜாதாவின் நிலா மனிதப்பெண். அடங்கி வாழப் பழக்கப்பட்டவள். காணாமற்போன கணவனைத் தேடப் புறப்பட்டு, ஆட்சியையே கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டவள். அவளுக்கு வழிகாட்டியது ஓர் எந்திரம். அங்கு எந்திரம் மனிதரைச் சிந்திக்கவைத்தது. திரைப்படத்தின் நிலாவோ கேள்வி கேட்பதில்லை. பணிகிறாள், பாதுகாக்கிறாள், இறுதியில் சிட்டிக்கு இணையாகிறாள். பெயர் ஒற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். சுஜாதாவுக்குச் செய்த வணக்கமாகவும் இருக்கலாம். எதுவாயினும், ஒரே பெயரைத் தாங்கிய இருவரையும் அருகருகே நிறுத்தினால், எழுத்தில் அடைந்த உயரத்தைத் திரை தவறவிட்டது தெளிவாகிறது. இரண்டாம் படத்தின் உரையாடலில் ஜெயமோகன் பங்கேற்றிருந்தார். இயற்கையையும் காட்டுயிரையும் பற்றி விரிவாக எழுதிய எழுத்தாளர் ஒருவர் உடனிருந்தும், பக்சிராஜனின் முன்கதை நீங்கலாக, பேச்சு பெரும்பாலும் செய்தி விளக்கமாகவும் சவாலாகவுமே நிற்கிறது.

கிள்ளான் காகங்கள்

ஓர் உயிரைக் கருவியாக்குதல், கருவி இடராகும்போது அதனை அகற்றுதல் என்னும் இவ்விரு செயல்களும் நமக்குத் தொலைவானவை அல்ல. கிள்ளானில் வீட்டுக்காகம் இயல்பாக வாழ்ந்த பறவையன்று. ரப்பர் பரவுமுன் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்குப் பயிரைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்கென, ஏறத்தாழ 1890களில் இலங்கையிலிருந்து காகங்கள் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டன. காப்பி மறைந்தது, காகம் பெருகியது. நூறாண்டு கழிந்தபின், 2000களில், கிள்ளான் நகராண்மைக் கழகம் துப்பாக்கி கொண்டு காகங்களைச் சுட்டுக் குறைக்கும் நடவடிக்கைகளை மேற்கொண்டது. நலவாழ்வு, தூய்மை ஆகியவை கருதி எடுக்கப்பட்ட முடிவு அது. முன்னோர் நினைவாகக் காகத்துக்குச் சோறிடும் தமிழர் இல்லங்கள் அதே நகரில் உள்ளன.

எந்திர மனிதனைக் குறிக்கும் 'ரோபோ' என்னும் சொல்லும் உழைப்பின் வரலாற்றிலிருந்தே வந்தது. செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழி அது உலகெங்கும் பரவிற்று. கட்டாய ஊழியம் என்பது அதன் மூலப்பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பயிலும் 'வெட்டி' என்னும் சொல் அதற்கு நெருங்கியது. இந்நாட்டுத் தமிழரின் முன்னோர் பலரும் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்டோரே. இன்று செல்வர் குடியிருப்பாக விளங்கும் பங்சாரின் பெயரே பங்-கிரிசார் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர். தோட்டம் துண்டாடப்பட்டு நிலம் வேறு பயன்பாட்டுக்குச் சென்றபோது, உழைத்தவர்கள் எங்கே செல்வர் என்னும் வினா கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்களில் எழுந்தது. பணி முடிந்தபின் கழற்றி வைக்கப்படும் சிட்டியின் காட்சி, இவ்வரலாற்றை அறிந்தோர் நெஞ்சில் வேறுபொருள் தந்திருக்கும்.

இதனால் 'எந்திரன்' மலேசியத் தமிழரைப் பற்றிய படமென்று கூறுவதற்கில்லை. அப்படம் எழுப்பிய வினா அகலமானது. எங்கிருந்து நோக்குவோர்க்கும் அதில் இடமிருந்தது என்பதே கருத்து. '2.0' படத்தில் அவ்விடம் இல்லை. இரு பேராற்றல்கள் மோதுகின்றன. நாம் அண்ணாந்து பார்க்கிறோம். பறவைகளைப் பற்றிய படமாயினும், கிள்ளான் காகத்தின் கதையைப் போல, மனிதர் அழைத்துவந்து மனிதரே வெறுத்த உயிரின் சிக்கலை எண்ணிப் பார்க்க அதில் வழியில்லை.

மறுப்பும் விடையும்

வணிகப் படத்தை இத்துணைக் கடுமையாக அளக்கலாமா என்று சிலர் வினவக்கூடும். பெருஞ்செலவில் எடுக்கப்படும் படம் பல மொழியினரையும் பல அகவையினரையும் மகிழ்விக்க வேண்டும். சிறுவர்க்கும் புரிய வேண்டும். ஆதலின் சிக்கலான அறவினாக்களுக்கு அங்கு இடங்குறைவு என்பது அவர்தம் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 'எந்திரன்' படமும் அதே இயக்குநரின் வணிகப் படமே. அதுவும் வெளிவந்த காலத்தில் பெருஞ்செலவுப் படமே. சிறுவரும் அதனை விரும்பிக் கண்டனர். அருங்காட்சியகத்தில் கேள்வி கேட்பவளாக ஒரு பள்ளிச் சிறுமியையே அப்படம் நிறுத்தியது. சிறுவர்க்குப் புரியாது என்று தொடர்ச்சி எண்ணிய வினாவை முதற்படம் ஒரு சிறுமியின் வாயில் வைத்தது.

மேலும் இத்தொடர்ச்சிக் குறை ஒரு படத்தோடு நிற்கவில்லை. 1996இல் வெளிவந்த 'இந்தியன்', கையூட்டுக்கு எதிராக நிற்கும் தந்தை தன் மகனையே தண்டிக்க நேரும் நெருக்கடியில் வலிமை பெற்றது. 2024 சூலையில் வெளிவந்த 'இந்தியன் 2' தண்டனைகளின் எண்ணிக்கையைப் பெருக்கியது. அத்தகைய நெருக்கடியைத் தரவில்லை. இரு தொடர்ச்சிகளிலும் ஒரே நிகழ்வைக் காண்கிறோம்: பாத்திரம் திரும்பி வந்தது, அப்பாத்திரத்தைப் பாத்திரமாக்கிய வினா திரும்பி வரவில்லை.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழக வகுப்புகளில் இவ்விரு படங்களையும் இணைத்துப் பயிற்றுவது பயனுடையது. முதலாவதாக, 'எந்திரம்', 'எந்திரன்' என்னும் சொற்களைக் கொண்டு திணை, பால் பாடத்தை நடத்தலாம். சிட்டியை மாணவர் 'அது' என்பரா, 'அவன்' என்பரா, எக்காட்சியில் மாற்றுவர் என்று கேட்கலாம். இலக்கணப் பாடம் அங்கு அறப்பாடமாகவும் விரியும். இரண்டாவதாக, சிபியின் கதையையும் '2.0' உச்சக்காட்சியையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதச் செய்யலாம். மூன்றாவதாக, பக்சிராஜனின் முறையீட்டை நீதிமன்ற வழக்காக்கி இருதரப்பு வாதத்தையும் தமிழில் நிகழ்த்தச் செய்யலாம். கதிர்வீச்சுக் கூற்றுக்குச் சான்று கேட்கும் தரப்பும், சான்று கிடைக்குமுன் உயிர்கள் மடிந்தால் யார் பொறுப்பு எனக் கேட்கும் தரப்பும் அங்கு எதிர்நிற்கும். படம் நடத்தாத வழக்கை வகுப்பறை நடத்தட்டும். குறையுள்ள படைப்பும் நல்ல ஆசிரியர் கையில் நற்பாடமாகும் என்பதற்கு இது சான்றாகலாம்.

முடிவுரை

'2.0' தோற்றது தொழில்நுட்பக் குறையால் அன்று. நடிப்பின் குறையாலும் அன்று. சிந்திக்கத் தொடங்கிய எந்திரத்துக்கு நாம் என்ன கடமைப்பட்டுள்ளோம் என்னும் வினாவை அது கீழே வைத்துவிட்டு, எந்த ஆற்றல் வலிது என்னும் வினாவைக் கையிலெடுத்தது. அதனால் தீர்ப்பு எடையிழந்தது, சிவப்புச் சில்லு வெற்றிக் கருவியாயிற்று, புறாக்கள் பணயமாயின, நிலா உதவியாளரானாள். பறவைகளுக்காக எழுந்த உயர்ந்த குரலொன்றும் அம்மோதலின் இரைச்சலில் அமிழ்ந்தது.

'என் இனிய இயந்திரா' வழி தமிழ் வாசகர் பெற்ற மரபு, எந்திரத்தைக் காட்டி மனிதரைக் கேள்வி கேட்பது. அம்மரபுக்குத் திரையில் கிடைத்த தொடர்ச்சி ஏமாற்றமளித்ததாயினும், மரபு அதனோடு முடிந்துவிடவில்லை. சிந்திப்பது போலத் தோன்றும் எந்திரங்களோடு நாளும் பழகும் இன்றைய மாணவர்க்கு அவ்வினா தேவைப்படுகிறது. '2.0' விட்டுவிட்ட இடத்திலிருந்து அதனை எடுத்துச் செல்லும் கதை இனி எழுதப்பட வேண்டும். அது சென்னையிலும் எழுதப்படலாம், கிள்ளானிலும் எழுதப்படலாம்.